வேம்பில் கட்டிய குழாயும் நாலரைக் கோடி ஸ்பீக்கரும்

தென்காசி மாவட்டத்தின் வடகிழக்கில், கரிசல் மண்ணின் நடுவே இருக்கிறது திருவேங்கடம். அதைச் சுற்றிய ஊர்களில் கோயில் கொடை என்றால் முதலில் வந்து இறங்குவது ரேடியோ செட். வேப்பமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டிவிட்டு, வாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கீழே நிற்பவர்களிடம் கேட்பார் செட்காரர். பக்கத்து ஊருக்கும் சத்தம் போக வேண்டும் என்பது கொடை நடத்துகிறவர்களின் ஆசை. குழாய் என்று சொல்லும் இந்தக் கூம்பு ஒலிபெருக்கிகளுக்கு இன்று நீதிமன்றக் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்ற விதியும் இருக்கிறது. ஆனால் மூன்று தலைமுறைக் கரிசல்காட்டு மக்கள் சினிமாப் பாட்டைக் கேட்டு வளர்ந்தது அந்தக் குழாயின் வழியாகத்தான்.

கோடிகளில் விற்கும் ஸ்பீக்கர்களைப் புரிந்துகொள்ளவும் அந்தக் குழாயிலிருந்து தொடங்குவதே நல்லது.

எந்த ஒலிபெருக்கிக்கும் உள்ள அடிப்படைச் சிக்கல், காற்று மிக லேசானது என்பது. காகிதக் கூம்பு ஒன்று முன்னும் பின்னும் அசையும்போது, அதன் உழைப்பில் பெரும்பகுதி தன் எடையைத் தானே நகர்த்துவதில் கழிந்துவிடுகிறது. காற்றுக்குப் போய்ச் சேருவது சொற்பம். வீட்டு வரவேற்பறையில் வைக்கும் சராசரி ஸ்பீக்கருக்கு 1 வாட் மின்சாரம் கொடுத்தால், 1 மீட்டர் தூரத்தில் சுமார் 87 டெசிபல் ஒலி கிடைக்கும். உள்ளே போன மின்சாரத்தில் ஒலியாக மாறியது 1,000-க்கு 3 பங்குதான். மிச்சமெல்லாம் செம்புச் சுருளில் வெப்பமாகப் போய்விடுகிறது.

குழாயின் கதை வேறு. அதன் பின்னால் திருகியிருக்கும் யூனிட்டுக்குள், உள்ளங்கையில் அடங்கும் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. அது நெருக்கமான இடுக்கில் காற்றை அழுத்துகிறது. அந்த அழுத்தம் குறுகிய கழுத்தில் நுழைந்து, படிப்படியாக விரியும் குழாயின் வழியே நகர்ந்து, அகன்ற வாயில் வெளிக்காற்றோடு கலக்கிறது. விரிவு சிறுகச் சிறுக நடப்பதால், தகட்டின் அசைவு வீணாகாமல் காற்றுக்குக் கைமாறுகிறது. அதே 1 வாட்டுக்கு இத்தகைய குழாய் 105 டெசிபலோ அதற்கு மேலோ தரும். 87-க்கும் 105-க்கும் உள்ள 18 டெசிபல் இடைவெளியின் பொருள், அதே சத்தத்துக்கு வீட்டு ஸ்பீக்கர் 63 மடங்கு மின்சாரம் கேட்கும் என்பது.

40 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 40 வாட் என்பது 1 வாட்டைவிட 16 டெசிபல் கூடுதல். ஆகவே குழாயின் வாயருகே 1 மீட்டரில் 121 டெசிபல். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். 256 மீட்டர் போவதற்குள் எட்டு முறை இரட்டித்திருக்கும், 48 டெசிபல் கரைந்திருக்கும். அங்கே நிற்பவர் காதுக்கு இன்னும் 73 டெசிபல் வந்து சேருகிறது. நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் பேச்சைவிட அது உரக்கவே இருக்கும். வீட்டு ஸ்பீக்கரை மரத்தில் கட்டியிருந்தால் அதே இடத்தில் 55 டெசிபல்தான், காற்றடித்தால் அதுவும் காணாமல் போகும்.

சினிமா பேசத் தொடங்கிய காலத்தில் அமெரிக்கக் கொட்டகைகளுக்கு இருந்த சிக்கலும் இதுவே. அன்றைய ஆம்ப்ளிஃபயர்கள் சில வாட்டுகளே தரும், கொட்டகையிலோ ஆயிரம் பேர். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 1926-இல் கொண்டுவந்த 555 என்ற யூனிட், பிரம்மாண்டமான குழாய்களோடு சேர்ந்து அந்தச் சிக்கலைத் தீர்த்தது. அந்தக் கொட்டகைகள் மூடப்பட்ட பிறகு, அவற்றின் குழாய்களையும் ஆம்ப்ளிஃபயர் வால்வுகளையும் தேடித் தேடி வாங்கியவர்களில் ஜப்பானிய ஆடியோ பிரியர்கள் முக்கியமானவர்கள். இன்றும் உலகின் மிக விலையுயர்ந்த ஒலிபெருக்கிகளில் ஒரு பிரிவு இந்தக் குழாய் வம்சம்தான். வேப்பமரத்துக் குழாய்க்கு அவை நெருங்கிய சொந்தம்.

அப்படியானால் கோடி ரூபாய்க் குழாய்க்கும் கொடைக் குழாய்க்கும் என்ன வேறுபாடு? அளவும் துல்லியமும். ஒரு குழாய் எவ்வளவு தாழ்ந்த ஒலி வரைக்கும் இறங்கும் என்பதை அதன் நீளமும் வாயின் அகலமும் தீர்மானிக்கின்றன. மரத்தில் ஏற்றிக் கட்டக்கூடிய குழாய், 250 அல்லது 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. மேலேயும் 6,000 ஹெர்ட்ஸ் தாண்டினால் தளர்ந்துவிடும். நாகஸ்வரத்தின் ஒலியில் பெரும்பகுதி 300 ஹெர்ட்ஸுக்கு மேலே நிற்பதால் குழாயில் அது கம்பீரமாகவே வரும். கூடவே வாசிக்கும் தவிலின் கதி பரிதாபம். விரல்களில் கூடு மாட்டி வாசிக்கும் வலந்தலையின் நறுக்கு கேட்கும். கழியால் அடிக்கும் தொப்பியின் அடிவயிற்று முழக்கம் கேட்காது.

இங்கே ஒரு விந்தை இருக்கிறது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் 100 முதல் 300 ஹெர்ட்ஸுக்குள் அடங்கும். குழாய் அதைத் தருவதே இல்லை. ஆனாலும் டி. எம். சௌந்தரராஜன் குரல் குழாயில் வரும்போது பெண் குரலாக மாறிவிடுவதில்லை, கனத்த ஆண் குரலாகவே கேட்கிறது. 150 ஹெர்ட்ஸில் ஒரு ஸ்வரம் பாடினால் அதன் மடங்குகளான 300, 450, 600 ஹெர்ட்ஸ்களும் கூடவே ஒலிக்கும். குழாய் அவற்றைத் தந்துவிடுகிறது. அவற்றுக்கிடையே உள்ள சீரான 150 இடைவெளியைக் கண்டுபிடித்து, இல்லாத அடிப்படை ஸ்வரத்தை மூளை தானே உண்டாக்கிக்கொள்கிறது. கேட்பது என்பது காதுக்கு வந்ததைப் பெற்றுக்கொள்வதோடு நிற்பதில்லை. வராததை நிரப்புவதும் கேட்பதில் அடங்கும். விலையுயர்ந்த ஆடியோ பற்றிய எல்லாச் சர்ச்சைகளுக்கும் வேர் இந்த நிரப்புதலில் இருக்கிறது. ஸ்வரத்தை நிரப்பத் தெரிந்த மூளைக்கு விலைச்சீட்டையும், பளபளக்கும் அலுமினியப் பெட்டியையும், விற்பவரின் பேச்சையும் கொண்டு நிரப்பத் தெரியாதா?

தாமஸ் எடிசனின் நிறுவனம் இதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. 1915 முதல் பத்தாண்டுகள் அமெரிக்க நகரங்களில் நடத்திய காட்சிகளில், பாடகி ஒருவர் இசைத்தட்டோடு சேர்ந்து பாடுவார். விளக்குகள் அணையும். இப்போது பாடுவது மனிதரா, இயந்திரமா என்று கூட்டம் சொல்ல வேண்டும். 1916-இல் நியூயார்க் கார்னகி ஹாலிலேயே மேரி ராப்போல்ட் என்ற பாடகியை வைத்து இது நடந்தது. வேறுபாடு தெரியவில்லை என்று பலரும் நம்பினார்கள். ஒலிவாங்கியே இல்லாமல், வெறும் கூம்பின் முன் பாடிப் பதிவான தட்டு அது. இன்று கேட்டால் இரைச்சலும் நெருக்கலுமாக இருக்கும். பாடகியர் தட்டின் ஒலிக்கு ஏற்பத் தங்கள் குரலை அடக்கிப் பாடினார்கள் என்பது பின்னாளில் வெளிவந்தது. ஆனால் அது பாதிக் காரணம்தான். வேறுபாடு தெரியாது என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு வேறுபாடு தெரியவில்லை என்பது மீதிப் பாதி.

எதிர்பார்ப்பை எப்படிப் பிரித்தெடுப்பது? கனடாவின் தேசிய ஆராய்ச்சி மையத்தில் ஃபிளாய்ட் டூல் என்ற விஞ்ஞானி இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் உழைத்தார். ஒலியைத் தடுக்காத மெல்லிய திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்தார். எல்லாவற்றையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்தார். எது ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாமல் மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்துக்குப் போனபோது, ஒரு ஸ்பீக்கரை நகர்த்திவிட்டு இன்னொன்றை அதே இடத்தில் சில விநாடிகளில் கொண்டுவந்து நிறுத்தும் இயந்திரமே அங்கு அமைக்கப்பட்டது. ஸ்பீக்கர் நிற்கும் இடம் ஒரு முழம் மாறினாலும் ஒலி மாறிவிடும் என்பதால் அந்த ஏற்பாடு.

1994-இல் டூலும் அவருடைய சக ஆய்வாளர் ஷான் ஆலிவும் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. ஹார்மன் ஊழியர்கள் 40 பேர், நான்கு ஸ்பீக்கர்கள். முதலில் திரை போட்டு ஒரு சுற்று, பிறகு திரையை விலக்கி ஒரு சுற்று. திரையை விலக்கியதும் பெரிய, அழகான ஸ்பீக்கர்களின் மதிப்பெண் ஏறியது, சிறியதாக இருந்த மலிவான செட்டின் மதிப்பெண் இறங்கியது. பாட்டும் அறையும் காதுகளும் அவையேதான். அனுபவமுள்ளவர்களும் இதற்குத் தப்பவில்லை. திரை இருந்தபோது ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றினால் மதிப்பெண் மாறியது. திரை விலகியதும் அந்த வேறுபாட்டைக்கூடக் கேட்பவர்கள் சரிவரக் கவனிக்கவில்லை. கண் தீர்ப்புச் சொல்லிவிட்ட பிறகு காது பேசுவதை நிறுத்திக்கொள்கிறது.

இந்த ஆய்வைக் காட்டி, விலையுயர்ந்த ஸ்பீக்கர்கள் எல்லாமே ஏமாற்று என்று முடிவு கட்டுவோர் உண்டு. அது தவறு. திரைக்குப் பின்னாலும் ஸ்பீக்கர்கள் தெளிவாக வேறுபட்டன, மனிதர்களின் விருப்பமும் வியக்கத்தக்க அளவு ஒத்துப்போனது. 2003-இல் ஆலிவ் 268 பேரை வைத்துச் சோதித்தார். பயிற்சி பெற்றவர்கள், கடைக்காரர்கள், மாணவர்கள் என்று பல வகையினர். எல்லா வகையினரும் ஸ்பீக்கர்களை ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் அடுக்கினார்கள். அவர்களுக்குப் பிடித்தவற்றில் பொதுவாக இருந்தது இது: நேர் எதிரே வரும் ஒலி தாழ்ந்த ஸ்வரம் முதல் உச்சம் வரை ஏற்ற இறக்கம் இன்றிச் சமமாக இருந்தது, பக்கவாட்டில் சிதறும் ஒலியும் அதே குணத்தோடு, திடீர் மேடு பள்ளம் இல்லாமல் குறைந்துகொண்டு போனது. இதை அளவுக் கருவியால் அளக்கலாம். அளவைக் கொண்டு விருப்பத்தை முன்கூட்டியே பெருமளவு சொல்லிவிடவும் முடிகிறது.

ஸ்வரம் ஸ்வரமாக அளந்தால் தெரியும் மேடு பள்ளத்தைக் காது எப்படிப் பிடிக்கிறது என்பதற்குக் குற்றாலம் வரைக்கும் போக வேண்டும்.

சாரல் காலத்தில் பேரருவியின் எதிரே நிற்பவருக்குக் கேட்பது ஒற்றை ஓசைபோலத் தோன்றினாலும் அது கோடிக்கணக்கான சின்னஞ்சிறு மணியோசைகளின் கூட்டு. நீர் விழுந்து கலங்கும்போது காற்றுக் குமிழ்கள் நீருக்குள் சிக்குகின்றன. ஒவ்வொரு குமிழும் பிறக்கும் நொடியில் சுருங்கி விரிந்து, ஒரு ஸ்வரத்தில் ஒலிக்கிறது. டச்சு வானியலாளர் மார்செல் மின்னார்ட் 1933-இல் இதற்கு எழுதிய கணக்கு இன்றும் பிசகவில்லை. 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழ் சுமார் 3,260 ஹெர்ட்ஸில் பாடும். 1 சென்டிமீட்டர் குமிழ் அதில் பத்தில் ஒன்றான 326 ஹெர்ட்ஸில் பாடும். சிற்றருவியின் மெல்லிய சலசலப்பில் சிறு குமிழ்களின் ஆட்சி. பேரருவியிலோ நீர் நேராகத் தரைக்கு வருவதில்லை. மேலே பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பாறைக் குழியில் விழுந்து, நிறைந்து, பொங்கி, அகன்று விழுகிறது. எல்லா அளவுக் குமிழ்களும், பாறையில் மோதும் நீரின் கனத்த அதிர்வும் சேர, தாழ்ந்த முழக்கம் முதல் கூர்மையான சீறல் வரை ஒரு ஸ்வரமும் விடுபடாமல் ஒலிக்கிறது.

ஸ்பீக்கர் ஆய்வாளர்கள் செயற்கையாக உண்டாக்கிக் கேட்கும் பிங்க் நாய்ஸ், அருவி ஓசைக்கு நெருங்கிய உறவு. ஒவ்வொரு ஸ்தாயியிலும் சம அளவு ஆற்றல் இருக்கும்படி அமைத்த இரைச்சல் அது. இசையைக் கேட்டு ஸ்பீக்கரின் குறையைப் பிடிப்பது கடினம். குறையுள்ள ஸ்வரம் அந்தப் பாட்டில் வராமலே போகலாம். இரைச்சலில் எல்லா ஸ்வரமும் எப்போதும் இருப்பதால், பெட்டியின் பலகையோ கூம்போ எங்காவது தானாக அதிர்ந்து சேர்ந்து பாடினால் உடனே நிறம் ஏறித் தெரியும். ஒரு ஸ்பீக்கரில் அது குடத்துக்குள் விழும் நீர்போலக் கேட்கும், இன்னொன்றில் தகரக் கூரைமேல் பெய்யும் மழைபோல. இத்தகைய அதிர்வுகளைப் பிடிக்க இசையைவிட இந்த இரைச்சலே கூர்மையான கருவி என்று டூலும் ஆலிவும் 1988-லேயே காட்டினார்கள். பேரருவியின் ஓசையைப் பல முறை நேரில் கேட்டு மனத்தில் வைத்திருக்கும் தென்காசிக்காரர், ஷோரூமில் பாட்டு கேட்பதற்கு முன் அருவியின் நல்ல பதிவு ஒன்றைப் போடச் சொல்லலாம். அவரிடம் ஒப்பிட ஓர் உண்மை இருக்கிறது.

கேட்பதில் பயிற்சிக்கு உள்ள இடத்தையும் சொல்ல வேண்டும். குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கினார்கள். ஒரு பாட்டை வாய்விட்டுச் சொல்லி, ஒவ்வொரு சொல்லிலும் நின்று அதன் ஓசையைக் காட்டுவது அவருடைய வழி. கூட இருந்தவர்களுக்கு அதற்குப் பிறகு அந்தப் பாட்டு வேறாகக் கேட்டது. ஆலிவ் தம் ஆய்வகத்தில் செய்ததும் தன்மையில் இதற்குப் பக்கத்தில் வருவதுதான். எந்த ஸ்வரப் பகுதி மிகுந்திருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று அடையாளம் காண ஒரு மென்பொருளைக் கொண்டு பழக்கினார். பயிற்சியால் ரசனை மாறவில்லை. ஒரே ஸ்பீக்கருக்கு இன்று ஒரு மதிப்பெண், நாளை வேறு மதிப்பெண் என்ற தடுமாற்றம் குறைந்தது.

ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் அறிவியல் ஆடியோ பிரியர்களோடு அதிகமாக முரண்படுகிறது. 1927 ஆகஸ்டில், நியூயார்க்கில் வேலைக்குப் படகில் போய்க்கொண்டிருந்த ஹரால்ட் பிளாக் என்ற இளம் பொறியாளருக்கு ஒரு யோசனை பிறந்தது. வெளியே வரும் சமிக்ஞையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே அனுப்பி, உள்ளே வருவதோடு ஒப்பிட்டுப் பிழையைக் கழித்துவிட்டால் என்ன? எதிர்ப் பின்னூட்டம் என்ற அந்த உத்தி, ஆம்ப்ளிஃபயரின் பிழையைக் காதுக்கு எட்டாத அளவுக்குக் கொண்டுபோய்விட்டது. 1987 ஜனவரியில் ஸ்டீரியோ ரிவ்யூ இதழ், 220 டாலர் ரிசீவர் முதல் 12,000 டாலர் வால்வு ஆம்ப்ளிஃபயர் வரை ஆறு கருவிகளை 25 பேருக்கு மறைத்துப் போட்டுக் காட்டியது. பிரித்தறிந்ததாகச் சொன்னவர்களின் விடைகள், காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதைவிட மேலாக அமையவில்லை.

அதற்கு இரண்டாண்டு முன்னால் பாப் கார்வர் என்ற வடிவமைப்பாளர் செய்தது இன்னும் துணிச்சலானது. எந்த விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்தாலும், தன் மலிவான ஆம்ப்ளிஃபயரை அதேபோல ஒலிக்க வைக்கிறேன் என்று ஸ்டீரியோஃபைல் இதழிடம் சவால் விட்டார். அவர்கள் தேர்ந்தெடுத்தது கான்ராட்-ஜான்சன் நிறுவனத்தின் பிரீமியர் ஃபைவ் என்னும் வால்வு ஆம்ப்ளிஃபயர். சான்டா ஃபே நகரத்து விடுதி அறையில் அமர்ந்து, இரண்டு கருவிகளின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் வரும் சத்தம் அடங்கும்வரை தன் கருவியின் உறுப்புகளை மாற்றிக்கொண்டே இருந்தார். முடிவில் இதழின் கேட்பாளர்களால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. ஆம்ப்ளிஃபயரின் குணம் என்று வர்ணிக்கப்படுவதில் மாயம் இல்லை, அது அளந்து நகலெடுக்கக்கூடியது என்பதை அந்த இரண்டு நாள் காட்டியது.

ஆனால் வேறுபாடே இல்லை என்பதும் சரியல்ல. பழைய பாணி வால்வு ஆம்ப்ளிஃபயர் பலவற்றின் வெளியீட்டு மின்தடை 2 ஓம் வரை இருக்கும். ஸ்பீக்கரின் மின்தடையோ ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும், ஓரிடத்தில் 4 ஓம், இன்னோரிடத்தில் 20 ஓம். கணக்குப் போட்டால் அந்த இரண்டு ஸ்வரங்களின் சத்தத்திலும் 2.7 டெசிபல் வேறுபாடு புகுந்துவிடுகிறது. எந்தக் காதுக்கும் இது கேட்கும். வால்வின் ‘இதமான’ ஒலி என்று எழுதப்படுவதில் ஒரு பகுதி இதுதான்: ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் சேர்ந்து தாமாகவே டோன் குமிழைத் திருகிக்கொள்கின்றன. அப்படிக் கேட்க ஒருவருக்குப் பிடித்திருந்தால் அதில் குற்றமில்லை.

இன்னொரு வேறுபாடு தவிலிடம் இருக்கிறது. திருவேங்கடத்துக்குப் பக்கத்திலுள்ள கோவில்பட்டியில் வாழ்ந்து, 1964-இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரக் கச்சேரிகளை நேரில் கேட்ட தலைமுறை இந்தப் பகுதியில் இருந்தது. நாகஸ்வரமும் தவிலும் ஒலிவாங்கி தேவைப்படாத வாத்தியங்கள். வீதியில் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்குத் தனி ஆவர்த்தனத்தின் அடி நெஞ்சில் இறங்கியிருக்கும். அந்த அடி, சராசரி ஒலியைவிட 20 டெசிபல் மேலே எழக்கூடும். 20 டெசிபல் என்றால் 100 மடங்கு ஆற்றல். சராசரிக்கு 1 வாட் போதுமான வீட்டில், அந்தக் கண நேரத்துக்கு 100 வாட் வேண்டும். இல்லாவிட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டு, அடி மழுங்கிக் கரகரக்கும். ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் பணத்தில் நியாயமான பகுதி இந்த இருப்புக்கானது. ஜப்பானின் ஹிரோயாசு கொண்டோ 1989-இல் உருவாக்கிய, வெள்ளிக் கம்பி சுற்றிய ஆன்காகு ஆம்ப்ளிஃபயர் தருவது சுமார் 27 வாட்தான். அதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் குழாய் ஸ்பீக்கரையே தேடிப் போவது ஏன் என்பது இப்போது விளங்கும். 63 மடங்குச் சலுகை அங்கேதான் கிடைக்கிறது.

இனி அறை. வில்சன் ஆடியோ நிறுவனம் 2017-இல் வெளியிட்ட வாம் மாஸ்டர் க்ரோனோசோனிக் ஜோடி ஒன்றின் விலை 6,85,000 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் நாலரைக் கோடி ரூபாய். அதைத் தென்காசியில் புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீட்டின் கூடத்தில் வைத்தால் என்ன கேட்கும்?

கூடம் 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று கொள்வோம். கொள்ளளவு 60 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 94 சதுர மீட்டர். சிமெண்ட் பூச்சும் டைல்ஸும் தம்மேல் படும் ஒலியில் 100-க்கு 3 பங்கைத்தான் விழுங்கும், மீதி 97 பங்கைத் திருப்பி வீசும். ஹார்வர்டின் வாலஸ் சபைன், பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்ய 1895-இல் பணிக்கப்பட்டவர். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து, விடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். அவர் கண்ட சூத்திரப்படி, நம் வெறுங்கூடத்தில் ஒரு கைதட்டல் முழுதாக அடங்க 3.4 விநாடி பிடிக்கும். இசை கேட்கும் வீட்டறைக்கு அரை விநாடிக்குள் இருந்தால் நல்லது. 3.4 விநாடி என்றால் ஒரு ஸ்வரம் மறைவதற்குள் பத்து ஸ்வரங்கள் அதன்மேல் ஏறிக்கொள்ளும். துரித காலத்தில் வரும் பிருகா முழுவதும் கரைந்து ஒரே குழம்பலாகிவிடும். நாலரைக் கோடியால் இதை மாற்ற முடியாது. கட்டில் மெத்தை, கனமான திரைச்சீலை, புத்தக அலமாரி, நான்கு பேர் என்று சேர்ந்தாலே நேரம் ஏறத்தாழ 1 விநாடிக்கு இறங்கும். ஓட்டு வீட்டில் ஓட்டின் இடுக்கு வழியே ஒலி தானாக வெளியேறிவிடும். அங்கே பாட்டு தெளிவாகக் கேட்பதற்கு அது ஒரு காரணம்.

பேஸ் என்று நம்மவர்கள் சொல்லும் தாழ்ந்த ஒலிக்கு அறை இன்னும் கொடுமை செய்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே சரியாகப் பொருந்தும் அலை மோதி மோதி நின்றுவிடும். இந்தக் கூடத்தில் அது 34, 43, 57 ஹெர்ட்ஸ்களில் நடக்கும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்த ஸ்வரங்கள் கும்மென்று வீங்கும், நடுக்கூடத்தில் உட்கார்ந்தால் காணாமல் போகும். ஆகவே ஒரே ஸ்பீக்கரைப் பற்றி ‘பேஸ் பிரமாதம்’ என்று ஒருவரும் ‘பேஸே இல்லை’ என்று இன்னொருவரும் எழுதுவது இரண்டுமே உண்மையாக இருக்கலாம். அவர்கள் வர்ணிப்பது தங்கள் நாற்காலியின் இடத்தை.

ஆடியோ பிரியர்கள் பரவசத்தோடு சொல்லும் மேடை அனுபவம், அதாவது கண்ணை மூடினால் பாடகர் நடுவிலும் வயலின் இடப்பக்கமும் தெரிவது, பதிவிலேயே இருக்க வேண்டும். இங்கிலாந்தின் ஆலன் ப்ளம்லைன் 1931-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறைப்படி, இரண்டு ஒலிவாங்கிகளைக் குறுக்காக ஒரே இடத்தில் வைத்தால் அந்தத் திசைத் தகவல் பதிவாகும். இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர், கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் வாட்டர் லில்லி அகூஸ்டிக்ஸ் என்ற நிறுவனத்தை நடத்தி, இந்த முறையை ஒரு தவம்போலக் கைக்கொண்டார். 1992-இல் அங்குள்ள தேவாலயம் ஒன்றில், விஷ்வ மோகன் பட்டின் மோகன வீணையையும் அமெரிக்கரான ரை கூடரின் கிட்டாரையும் இரண்டே ஒலிவாங்கிகளால் பதிவு செய்தார். டிம் டி பாரவிசினி தனியாக உருவாக்கித் தந்த வால்வுக் கருவிகளோடு, நாடாவில். பதிவுக்குச் சற்று முன்புதான் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்ட இரு கலைஞர்கள் அவர்கள். ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ என்ற அந்தத் தொகுப்பு 1994-இல் கிராமி விருது பெற்றது. இன்றுவரை ஸ்பீக்கர்களைச் சோதிக்க எடுக்கப்படும் தட்டுகளில் அதுவும் ஒன்று. இந்தத் துறையில் ஒலியின் தரத்துக்கு ஒரு தமிழ்ப் பெயர் தாங்கியவர் அளவுகோல் தந்திருப்பது, தமிழ் வாசகர்கள் அதிகம் அறியாத பெருமை. ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் காருகுறிச்சியாரின் நாகஸ்வரத்தையும் எஸ். ஜானகியின் குரலையும் கேட்க விரும்புகிறவருக்கு இந்த மேடை கிடைக்காது. 1962-இல் அது ஒற்றைத் தடத்தில் வந்தது. நல்ல ஸ்பீக்கர் அங்கே தருவது வேறொன்று: நாகஸ்வரம் எங்கே முடிகிறது, குரல் எங்கே தொடங்குகிறது என்ற பிரிவு. ஒற்றைத் தடத்திலும் அது இருக்கிறது, மலிவுக் கருவி அதை அழித்துவிடுகிறது.

குழாய் வம்சத்தின் இந்திய வாரிசு ஒன்று செங்கோட்டைக் கணவாயைத் தாண்டிய மலையாள மண்ணிலேயே இருக்கிறது. கொச்சியைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஜேக்கப் ஜார்ஜின் ரெதம் நிறுவனம், ஒற்றைக் கூம்பின் பின்னால் வளைந்து செல்லும் குழாய்ப் பாதை அமைத்து ஸ்பீக்கர் செய்கிறது. த்ரிஷ்னா, மார்கா, சாதனா என்று அவற்றுக்குப் பெயர்கள். வெளிநாட்டு ஆடியோ இதழ்களில் மதிப்புரை பெற்றவை. சில வாட் ஆம்ப்ளிஃபயருக்கே அவை உயிரோடு பாடும்.

இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு நடுவே தடுமாறுகிற ஒருவர் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை உண்டு. சீரான ஒற்றை ஸ்வரம் ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டின் மின்னழுத்தமும் 100-க்கு 1 பங்குக்குள் ஒத்துப்போகும்படி சத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் எல்லாம் வீண். சற்றே உரத்து ஒலிப்பதைக் காது ‘நல்லது’ என்றே சொல்லும். பிறகு கருவிகளைத் துணியால் மறைத்து, வேறொருவர் காசு சுண்டி, எதை இணைத்தார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். கேட்பவர் எது என்று சொல்ல வேண்டும். 16 முறை. 12-ஓ அதற்கு மேலோ சரியாக வந்தால், அது வெறும் ஊகத்தால் நேர 100-க்கு 4 முறைகூட வாய்ப்பில்லை. அவர் உண்மையிலேயே கேட்டிருக்கிறார், பணத்தைத் தைரியமாகக் கொடுக்கலாம். 10 சரியாக வந்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை. குருட்டாம்போக்கில் சொன்னாலும் 100-க்கு 23 முறை அவ்வளவோ அதற்கு மேலோ வந்துவிடும். காது களைத்திருக்கும். இன்னொரு நாள் இன்னொரு 16 முறை கேட்டுப் பார்க்கலாம்.